இளைஞர் பரிமாற்றம், சிரமதானம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (மானிப்பாய்): அக்கா, எங்கடை சனசமூக நிலையத்துக்கு காலியில இருந்து 15 இளையாக்கள் அஞ்சு நாள் வருகினம். முதல் நாள் என்ன வைக்கிறது?

பதில்: மேடை நிகழ்ச்சியைக் கடைசி நாளுக்குத் தள்ளுங்கோ தம்பி. முதல் நாளே வரவேற்புரை, நடனம், பொன்னாடை எண்டு தொடங்கினா அவை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் இருந்து கைதட்டிறதோட அலுவல் முடிஞ்சிடும். பின்னேரம் அவையில ஒராள், உங்கடையில ஒராளாச் சோடி சேர்த்து தேங்காய் திருவ, இடியப்பம் பிழிய விடுங்கோ. கை வேலையில இருந்தா அரைகுறைச் சிங்களமும் அரைகுறைத் தமிழும் கூச்சமில்லாமல் வெளியில வரும்.

மொழிபெயர்க்க ஆறேழு பேருக்கு ஒராள் வேணும். ஒராளே முழு நாளும் கதைச்சா மத்தியானத்துக்குப் பிறகு சுருக்கித்தான் சொல்லுவார். முதல்ல விடுபடுறது பகிடியள்தான்.

சைவமோ, ஹலாலோ, என்ன ஒத்துக்கொள்ளாது எண்டதைப் படிவத்திலயே கேட்டு வாங்குங்கோ. ஒடியல் கூழில நண்டு, இறால் கிடக்கும்; அதுகள் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு அது விளையாட்டில்லை. நல்லூர்த் திருவிழாவின்ர 25 நாளுக்குள்ள வருகினமெண்டா, கன வீடுகளில மச்சம் சமைக்காயினம். கோயிலுக்குள்ள ஆம்பிளையள் மேற்சட்டை கழட்ட வேணுமெண்டதையும் முதல் நாளே சொல்லுங்கோ. வாசலில வைச்சுச் சொன்னா சிலபேர் வெளியிலயே நிண்டிடுவினம்.

கேள்வி (சாவகச்சேரி): எல்லாரும் வரலாமெண்டுதான் நோட்டீஸ் ஒட்டுறம். வாறது எப்பவும் ஒரே கழகத்துப் பெடியள்தான். ஏன்?

பதில்: நோட்டீஸ் எங்க ஒட்டினீங்கள்? விளையாட்டுக் கழக மதிலிலயும் கோயில் வாசலிலயும்தானே? எங்கடை ஊரில கழகமெண்டா பெரும்பாலும் ஒரு குறிச்சி, குறிச்சியெண்டா பெரும்பாலும் ஒரு சாதி. இதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாயினம், ஆனா ஆக்கள் தெரிவில அதுதான் நடக்குது. இடங்களை முதலே பிரிச்சு வையுங்கோ: 20 பேரெண்டா கழகத்துக்கு ஆறுக்கு மேல குடாதேங்கோ. மிச்சத்தை அடுத்த கிராம அலுவலர் பிரிவுகள், மீள்குடியேறின குடியிருப்புகள், முஸ்லிம் பாடசாலையள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஊடா நேரில போய்க் கேளுங்கோ. 1990 ஒக்டோபரில வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின்ர பிள்ளையளைக் கூப்பிடேக்க வெள்ளிக்கிழமை மத்தியானத்தை விட்டுவிடுங்கோ.

கூடுற இடம் கோயில் மடம் வேண்டாம். நூலகமோ பள்ளிக்கூடமோ நல்லது. தண்ணி குடுக்கிற இடத்தைக் கவனியுங்கோ: ஒராளுக்கு மட்டும் பிளாஸ்ரிக் கோப்பையும் மற்றாக்களுக்கு வெள்ளிப் பேணியும் போனா, அண்டைக்கே அந்தப் பிள்ளை வாறதை நிப்பாட்டிடும். ஒரேமாதிரிப் பேணி, எல்லாரும் முறை வைச்சுக் கழுவுறது.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுறதெண்டா, ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. பலகையைச் சும்மா சாய்ச்சு வைச்சா நாற்காலி பின்பக்கமாப் பிரளும்.

கேள்வி (சங்கானை): பொம்பிளைப் பிள்ளையளை விட மாட்டினமாம். கடிதம் குடுத்தும் பலனில்லை.

பதில்: கடிதம் காணாது. தாய்மாரைப் பின்னேரம் ஒருக்கா கூப்பிட்டு, பொறுப்பான அக்காவை நேரில காட்டுங்கோ, தொலைபேசி இலக்கம் குடுங்கோ. அஞ்சு மணிக்கு முடிச்சு, வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கோ. ஒருநாள் பிந்தினாலும் அடுத்தமுறை வராயினம்.

கேள்வி (பருத்தித்துறை): டெங்கு சிரமதானம் செய்த கிழமையே நுளம்பு திரும்ப வந்திட்டுது. என்ன பிழை?

பதில்: தண்ணியை மட்டும் ஊத்தியிருப்பீங்கள். ஏடிஸ் நுளம்பு முட்டையைப் பாத்திரத்தின்ர உட்சுவரில, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒட்டி வைக்கும். அது காஞ்சாலும் மாதக்கணக்கில சாகாது, திரும்பத் தண்ணி பட்டாப் பொரிக்கும். அதனால தும்பாலயோ பிரஷாலயோ உட்பக்கத்தைத் தேய்க்க வேணும். முட்டை நுளம்பாக ஏழு தொடக்கம் பத்து நாள். ஆகவே ஒவ்வொரு கிழமையும்.

நாலு பேர் ஒரு குழு: ஒராள் தேய்க்க, ஒராள் சாக்குப் பிடிக்க, ஒராள் வீட்டுக்காரரோட கதைக்க, ஒராள் எழுத. கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின்ர பின்தட்டு, பழைய டயர், இந்த நாலும்தான் கூடுதலாத் தப்புறது. கையுறை கட்டாயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) முதலே சொன்னா அவரும் வருவார், வீட்டுக்காரரும் படலை திறப்பினம். குப்பை ஏத்த உழவு இயந்திரம் வேணுமெண்டு பிரதேச சபைக்குப் போன கிழமையே எழுதியிருக்க வேணும். இல்லாட்டி கட்டின சாக்கெல்லாம் றோட்டோரத்தில கிடந்து மழைத்தண்ணி பிடிக்கும்.

கேள்வி (கனடாவில இருந்து): லீவில வாற பிள்ளையள் சிறுவர் இல்லத்தில ஒரு கிழமை உதவலாமோ?

பதில்: நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்கள அனுமதி இல்லாமல் வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். ஒரு கிழமை கொஞ்சிப்போட்டுப் போறது அந்தப் பிள்ளையளுக்குத்தான் பாரம். வாசிகசாலையில புத்தகப் பட்டியல் போட விடுங்கோ. ஊர்ப் பிள்ளையளோட சேர்ந்து செய்யலாம், அவையள் போன பிறகும் அந்தப் பட்டியல் பயன்படும்.