எந்த மாங்காய் வாங்குவது?

கேள்வி: ஒஹையோவில் இருக்கும் என் மகள், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழைய ஊறுகாய்க் குறிப்பை அனுப்பியிருக்கிறாள். 'பச்சை மேங்கோ பன்னிரண்டு. தலையைச் சீவி, விதைகளை எடுத்துவிட்டு, முட்டைக்கோஸ் அடைத்து, நூலால் கட்டி வினிகரில் போடவும்' என்று இருக்கிறது. கிளிமூக்கு வாங்கட்டுமா, நாட்டு மாங்காயா?
- அம்மாபேட்டை வாசகி, சேலம்

பதில்: இரண்டும் வேண்டாம். மாங்காய்க் கடையைத் தாண்டிப் போய்ப் பச்சைக் குடைமிளகாய் வாங்குங்கள். பாட்டி சொல்லும் மேங்கோ அதுதான். 'விதைகளை' என்கிறார், பாருங்கள். மாங்காய்க்கு ஏது விதைகள்? இருப்பது ஒரே கொட்டை.

மிளகாய்க்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துகீசியர், மலையாளத்து 'மாங்ங'வை 'மங்கா' ஆக்கிக்கொண்டார்கள். நம் மாங்காயும் அதுவும் ஒரே சொல்தான். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்தில் ஏறியது. நாம் காய் வேறு, பழம் வேறு என்று பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ காயின் பெயரே பழத்துக்கும். மல்கோவாவை மாங்காய் என்று யாராவது சொன்னால் சேலத்தில் சும்மா விடுவோமா!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மாதக்கணக்கான கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது. இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது ஊறுகாய் மாங்காய்தான். அங்கே மாமரம் கிடையாது. ருசி கண்டவர்கள் வெள்ளரிக்காயைக் குடைந்து, பூண்டு வைத்து, அதே மாதிரி போட்டுப் பார்த்தார்கள். 1699-ல் ஜான் ஈவ்லின் எழுதிய சாலட் நூலில் 'வெள்ளரி மேங்கோ'வுக்கே செய்முறை இருக்கிறது. முலாம்பழம், பீச் எல்லாமே இப்படி மேங்கோ ஆயின. பழத்தின் பெயர் பக்குவத்தின் பெயராகி, ஊறுகாய் போடுவதற்கே 'மேங்கோ' என்று ஒரு வினைச்சொல்லும் வந்துவிட்டது.

இந்த வழக்கம் அமெரிக்காவுக்கும் போனது. ஒஹையோ, இண்டியானா, பென்சில்வேனியா பக்கம் கோஸ் அடைத்த குடைமிளகாய் மேங்கோ ஆனது. பிறகு அடைக்காத பச்சைக் காய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வயதானவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். சின்னக் காய்களாகப் பொறுக்குங்கள். ஜாடிக்குள் நுழைய வேண்டுமே. நம் நாக்குக்கு உறைப்பு போதாது, கோஸோடு இரண்டு பச்சை மிளகாயை நறுக்கிச் சேர்க்கலாம். விற்கிற எண்ணம் இருந்தால் மட்டும் சீட்டில் மேங்கோ என்று எழுதிவிடாதீர்கள். திறந்து பார்த்துக் கோஸ் இருந்தால், நம் ஊர்க்காரர்கள் ஜாடியோடு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள்.