மகள் கேட்ட 60 பேரும் உங்கள் 5 லட்சமும்

கேள்வி: சொந்த ஊர் கம்பம், குமுளிப் பக்கம் 3 ஏக்கர் ஏலத்தோட்டம். காய் விற்ற பணம் 5 லட்சம் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விற்கும் பசுமை ஃபண்டில் போடச் சொல்கிறார் ஏஜென்ட், ஆனால் வருடக் கட்டணம் சாதாரண ஃபண்டைவிட 0.8 சதவீதம் அதிகம். கோட்டயத்தில் எம்.பி.ஏ. படிக்கும் மகள் 60 பேரிடம் ஒரு சோதனை செய்தாள். 30 பேருக்கு அரை டன் கார்பன் குறைக்கும் முதலீட்டைக் காட்டினாள், மற்ற 30 பேருக்கு 5 டன். கூடுதலாக எவ்வளவு தருவீர்கள் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தொகை. "அளவைப் பற்றி யாருக்கும் கவலையில்லைப்பா, எல்லாம் பேருக்குத்தான்" என்கிறாள். நம்பலாமா?

பதில்: மகள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் அந்த 60 பேரை வைத்து அதைச் சொல்ல முடியாது. புது உரம் போட்ட மூன்று செடி, போடாத மூன்று செடி, இரண்டிலும் காய் ஒரே எடை. உடனே உரம் தண்டம் என்பீர்களா? ஒரு செடியில் சரம் கொத்துக்கொத்தாக இருக்கும், அடுத்ததில் பாதிகூட இருக்காது. பணம் எவ்வளவு தருவீர்கள் என்ற கேள்வி இதைவிட மோசம், ஒருவர் பூஜ்யம் என்பார், பக்கத்திலிருப்பவர் 5000 என்பார், அந்தச் சிதறலுக்குள் நிஜமான வித்தியாசம்கூட மறைந்துவிடும். வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்கிற வாய்ப்பைத்தான் சோதனையின் திறன் என்கிறார்கள், 80 சதவீதமாவது வேண்டும் என்பது வழக்கம். திட்ட விலக்கத்தில் (பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) பாதி அளவு வித்தியாசத்தைப் பிடிக்கவே குழுவுக்கு 64 பேர் வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட 400. உங்கள் மகளின் குழுவுக்கு 30 பேரை வைத்து, பாதி அளவு வித்தியாசத்தைப் பிடிப்பதே பூவா தலையா கதைதான்.

சரி, நிதி ஆய்வாளர் ஃப்ளோரியன் ஹீப் குழுவினர் இதே அரை டன், 5 டன் கணக்கை இன்னும் நிறைய முதலீட்டாளர்களிடம் வைத்துப் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள் (மகள் அங்கிருந்துதான் எடுத்திருப்பாள்). பத்து மடங்கு குறைப்புக்கும் சராசரியாகக் குறிப்பிடும்படி அதிகம் தர அவர்கள் தயாராக இல்லை. நல்லது செய்கிறோம் என்ற மனநிறைவுக்குக் காசு தருகிறார்கள், டன்னுக்கு இல்லை.

இதெல்லாம் முதலீட்டாளர் மனசைப் பற்றிய சோதனை. ஏஜென்ட் காட்டும் ஃபண்ட் எத்தனை டன் குறைக்கிறது என்று இதில் எதுவும் இல்லை. சந்தையில் ஏற்கெனவே கைமாறும் பங்கை அது வாங்கினால் பணம் விற்றவருக்குத்தான் போகும், கம்பெனிக்கு அல்ல. 0.8 சதவீதம் என்பது முதல் வருடம் 4000 ரூபாய், 12 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் 10 வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். எத்தனை டன், எந்த வழியில் குறைகிறது என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் கட்டணம் குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) போதும். அப்புறம், அடுத்த பருவத்துக் கூலியும் உரச்செலவும் இந்த 5 லட்சத்துக்குள் இருந்தால் அதை வங்கியிலேயே விட்டுவிடுங்கள்.