பழைய புல்லட் எஞ்சினை வீட்டில் புதுப்பிக்கும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: என் தந்தை 1972இல் வாங்கிய புல்லட் 350 பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. கடைசியாக ஓடியபோது எஞ்சினின் அடிப்பகுதியில் தட்டும் சத்தமும் சைலன்சரில் நீலப் புகையும் இருந்தன. இப்போது கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க விரும்புகிறேன். அப்படியே 500 சி.சி.யாக மாற்றிவிட்டால் தொப்பூர் மேட்டில் திணறாமல் ஏறும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: எஞ்சினை வீட்டில் பிரிக்கலாம், சுத்தம் செய்யலாம், அளக்கலாம், திரும்பவும் பூட்டலாம். மூன்று வேலைகளை மட்டும் கட்டாயம் வெளியே கொடுக்க வேண்டும்: சிலிண்டர் போரிங் (உட்துளையைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சேர்த்து நேர் பார்ப்பது, வால்வு கைடும் (வால்வு ஓடும் குழல்) சீட்டும் (வால்வு அமரும் வளையம்) மாற்றுவது. 500 சி.சி. யோசனையைக் கைவிடுங்கள், அதற்கான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் அதைச் சார்ந்தவை.

உங்கள் எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. புல்லட் 500க்கும் ஸ்ட்ரோக் அதே 90தான்; போர் மட்டும் 84. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால்தான் இந்த மாற்றம் எளிது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் பெரிய சிலிண்டரை உட்கார வைக்க, கிராங்க் கேஸின் (கிராங்கைத் தாங்கும் அடிப்பெட்டி) வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த அலுமினிய வார்ப்பில், சிலிண்டர் ஸ்டட்கள் பிடித்திருக்கும் இடத்தை ஒட்டியே உலோகத்தைக் குறைப்பது அந்தக் கிராங்க் கேஸின் ஆயுளைக் குறைப்பதாகும். பிஸ்டனின் எடை கூடுவதால், கிராங்கோடு சுழலும் ஃப்ளைவீலின் சமநிலையும் கெடும். அதைச் சரிசெய்யாவிட்டால் வண்டி முழுவதும் அதிரும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மேலும் 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சேஸியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்தை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்ய முடியும். உங்கள் வண்டிக்கு வயதின் அடிப்படையில் அந்தத் தகுதி இருக்கிறது, 500 சி.சி.யாக மாற்றினால் அது போய்விடும். விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அன்றாடம் ஓட்டுவதே உங்கள் எண்ணம் என்றால் வழக்கமான பதிவைப் புதுப்பிப்பதுதான் வழி. வேலையைத் தொடங்கும் முன்பே தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதன் நிலையை விசாரித்துவிடுங்கள். கிராங்க் கேஸில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணின் மேல் பஃபிங் சக்கரமோ உப்புத்தாளோ படவே கூடாது. எண் மங்கினால் வண்டியின் அடையாளமே மங்கிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். கிக்கர் அசையவில்லை என்றால் ரிங்குகள் துருவால் சிலிண்டரோடு பிடித்திருக்கக்கூடும். கிக்கர் மேல் ஏறி நின்று மிதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிக்கர் பல்சக்கரம் உடைந்தால் அது தனிச் செலவு. பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதியாகக் கலந்து அந்தத் துளை வழியே ஊற்றிச் சில நாட்கள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

பிரிப்பதற்கு முன் ஸ்பேனர்களைப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பிரிட்டிஷ் அளவுப் புரிகள் கலந்திருக்கும்; மெட்ரிக் ஸ்பேனரை ‘ஏறக்குறைய’ பொருத்தித் திருகினால் நட்டின் மூலைகள் வழுக்கி உருண்டுவிடும். பிரிட்டிஷ் அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்றும், கிளட்ச்சையும் டைமிங் பல்சக்கரத்தையும் எடுக்கப் புல்லர்களும் வாங்குங்கள். டைமிங் கவரைத் திறந்ததும் கிராங்கின் முனையில் தெரியும் புழு போன்ற மரையே ஆயில் பம்பை ஓட்டுவது. அது இடப்புரி உடையது, கடிகார முள்ளின் திசையில் திருகினால்தான் கழலும். இதை அறியாமல் பலத்தைக் காட்டி கிராங்கின் முனையை முறித்தவர்கள் உண்டு. எஞ்சினை ஃப்ரேமிலிருந்து இறக்கும்போது இருவர் இருங்கள்.

பிரித்த பிறகு அவசரப்பட்டு உதிரிபாகக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் அளக்க வேண்டும். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இரண்டு திசைகளிலும் போர் கேஜ் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தேய்மானம் 0.2 மி.மீ.ஐ நெருங்கினாலே புதிய ரிங் மட்டும் போட்டுத் தப்பிக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக்கொண்டு போரிங்குக்குக் கொடுங்கள். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் சிலிண்டரை மட்டும் போரிங்குக்குக் கொடுப்பது தவறு. ஒவ்வொரு பிஸ்டனும் தயாரிப்பாளரைப் பொறுத்துச் சற்று வேறுபடும். அதை அளந்து, அதனுடன் வந்த தாளில் உள்ள இடைவெளியைக் கூட்டித்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும்.

அடுத்தது அந்தத் தட்டும் சத்தம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அசைவது இயல்பு, மேலும் கீழும் சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் பிக் எண்ட் (ராட் கிராங்கோடு சேரும் கீழ் இணைப்பு) போய்விட்டது என்று பொருள். உங்கள் எஞ்சினில் அங்கே இருப்பது மிதவை புஷ் (பேரிங்காக வேலை செய்யும், தனித்துச் சுழலும் உலோக வளையம்). எண்ணெய் தாராளமாக வந்துகொண்டிருக்கும்வரை அது அமைதியாக வேலை செய்யும். எண்ணெய் அழுக்கானாலோ குறைந்தாலோ தட்டத் தொடங்கும். உண்மையான மேம்பாடு செய்ய வேண்டிய இடம் இதுதான். அசல் நிலையை எந்த அளவுக்குக் காக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து நல்ல தரமான மிதவை புஷ் செட்டையே மீண்டும் போடலாம். மேடு ஏற வேண்டும், நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும் என்பதால் நான் நீடில் ரோலர் பேரிங் உள்ள ராடையே பரிந்துரைப்பேன். அது வெளியே தெரியாது, சி.சி.யை மாற்றாது, எண்ணெய் ஒரு கணம் குறைந்தாலும் புஷ்ஷைவிடப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ராடின் எடையும் பழைய ராடின் எடையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இரண்டு ஃப்ளைவீல்களையும் கிராங்க் பின்னோடு சேர்த்து, சென்டர்களுக்கு இடையே வைத்துச் சுழற்றி, டயல் கேஜில் நேர் பார்ப்பது வீட்டில் நடக்கும் வேலை அன்று. முடித்துத் தரும்போது ஷாஃப்ட்டின் இரு பக்கமும் கோணல் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.03க்குள் கொண்டுவந்து தருபவர் நல்ல கைவேலைக்காரர். இதற்காகச் சென்னை வரை போகத் தேவையில்லை. பெரிய வாகனத் தொழிற்சாலைகளை ஒட்டி ஒசூரில் துல்லியக் கடைசல் பட்டறைகள் நிறைய வளர்ந்திருக்கின்றன. சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்து, பழைய புல்லட் கிராங்க் செய்து பழகியவரைத் தேடுங்கள். ‘கண்ணால் பார்த்தே சரிசெய்துவிடுவேன்’ என்பவரிடம் கொடுக்காமல், டயல் கேஜின் முள்ளை உங்கள் முன்னிலையில் காட்டச் சம்மதிப்பவரிடம் கொடுங்கள். உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. சாலையில் கிடைக்கும், இந்த எஞ்சினின் அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்தது உங்களுக்கு நல்லதாயிற்று.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைப் பொறுத்தவரை, வால்வுகளை உட்கார வைத்து இன்டேக், எக்ஸாஸ்ட் துவாரங்களில் பெட்ரோல் ஊற்றுங்கள். கசிந்தால் சீட் சரியில்லை. நீலப் புகைக்கு ரிங் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாமல் கைடுகளில் வால்வு ஆடுகிறதா என்றும் பாருங்கள். கைடை மாற்றிய பிறகுதான் சீட் வெட்ட வேண்டும். வெட்டும் கருவி கைடை மையமாகக் கொண்டே சுழலும் என்பதால் வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. பழைய வால்வு சீட்டுகளுக்கு அந்த ஈயம் ஒரு காப்பாக இருந்தது. எனவே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் போடுவது செலவழிக்கத் தகுந்த இரண்டாவது மேம்பாடு.

எண்ணெய்ப் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் புதுப்பிக்கப்பட்ட பல எஞ்சின்கள் இங்கேதான் கெடுகின்றன. இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. அதன் அடியில் பல ஆண்டுச் சேறு படிந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் தூரிகையால் தேய்த்து, எல்லாத் துளைகளிலும் காற்று அடித்து, ஒரு பக்கம் விட்ட காற்று மறுபக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பளபளப்புக்காகக் கிராங்க் கேஸை மணல் வீச்சுக்குக் கொடுக்க வேண்டாம். எண்ணெய்த் துளையில் தங்கும் ஒரே ஒரு மணல் துகள் புதிய பிக் எண்டைத் தின்றுவிடும். ஆயில் பம்புகளின் தட்டுகளை அவற்றின் இருக்கைகளோடு மிக மென்மையான பேஸ்ட் வைத்துத் தேய்த்து, முழு வட்டமும் ஒரே சாம்பல் நிறமாகப் படியும் வரை சேர்க்க வேண்டும். பிக் எண்டுக்கு எண்ணெய் போவது டைமிங் கவர் வழியாகக் கிராங்கின் முனைக்குள். அந்த இணைப்பில் இருக்கும் சிறிய சீலைக் கவர் திறக்கும்போதெல்லாம் புதிதாகப் போடுங்கள். விலை மிகக் குறைவான அந்தச் சீல் கசிந்தால் விலை அதிகமான கிராங்க் பட்டினி கிடக்கும்.

கூடவே எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் கவனியுங்கள். பிஸ்டன் கீழே வரும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள் காற்று அழுத்தப்படுகிறது. குழாயின் முனை ரப்பர் இறுகிப்போய் வழி அடைந்தால், எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஆயில் கசியும். அந்த இடத்தில் நல்ல ஒருவழி வால்வு பொருத்துவது மிக மலிவான மேம்பாடு.

போரிங் முடிந்து வந்த சிலிண்டரைச் சோப்பும் சூடான தண்ணீரும் கொண்டு, வெள்ளைத் துணியில் துடைத்தால் கறை படாமல் போகும் வரை கழுவுங்கள். பெட்ரோலால் துடைத்தால் ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சமமாக்கும் வேலை) துகள் போகாது. கழுவியதும் உடனே உலர்த்தி ஆயில் தடவாவிட்டால் வார்ப்பிரும்பில் நிமிடங்களில் துரு பூக்கும். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து வாய் இடைவெளி 0.3 மி.மீ. அளவில் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். டைமிங் பல்சக்கரங்களின் புள்ளிகள் நேருக்கு நேர் வர வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மூன்று கட்டங்களில் இறுக்குங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்நிலையில் இருக்க, புஷ் ராடுகள் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; இக்னிஷன் முழுவதும் பின்தள்ளிய நிலையில், பிஸ்டன் மேல்நிலைக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்க வேண்டும். நன்றாகச் சரிசெய்த பாயிண்ட்டே உங்களுக்குப் போதும். எலக்ட்ரானிக் இக்னிஷனை இப்போது அவசரமாக மாற்ற வேண்டாம்.

கார்புரேட்டரில் ஸ்லைடு தேய்ந்து ஆடினால் ஐடிலிங் ஒருபோதும் சீராக இருக்காது, மாற்றிவிடுங்கள். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் டேப்பின் கார்க்கும் அதைத் தாங்காது, காற்று-பெட்ரோல் கலவையும் சற்று மெலியும். எத்தனாலைத் தாங்கும் குழாய் போட்டு, மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) ஓர் அளவு கூட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஒசூர் போகும் ஏற்றம் இந்தச் சோதனைக்குப் பொருத்தமானது, ஆனால் ஒசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கலவை சிறிது கெட்டியாக (பெட்ரோல் கூடுதலாக) தெரியும். அதை வைத்து மட்டும் ஜெட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 2.25 லிட்டர் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைப் பல முறை மிதித்துப் பம்பில் ஆயில் ஏறச் செய்யுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ராக்கருக்கு (வால்வை அழுத்தும் நெம்புகோல்) போகும் வெளிக்குழாயின் பான்ஜோ போல்ட்டை (எண்ணெய் செல்லும் துளையுள்ள போல்ட்) சற்றே தளர்த்துங்கள். ஓரிரு நிமிடங்களுக்குள் அங்கே ஆயில் கசியாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டருக்குத் தொப்பூர் பக்கம் போகாதீர்கள். மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியான சாலையில், ஒரே வேகத்தில் இல்லாமல் வேகத்தை ஏற்றியும் இறக்கியும், டாப் கியரில் எஞ்சின் முக்கும்படி விடாமல் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சின் முழுதும் ஆறியதும் ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கி டாப்பெட் (வால்வு இடைவெளி) பாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய துகள் இருந்தால் புதிய ரிங் படிகிறது, கவலை இல்லை. மஞ்சள் நிறத் துகளோ கண்ணுக்குத் தெரியும் சீவலோ இருந்தால், மேற்கொண்டு ஓட்டாமல் டைமிங் கவரைத் திறந்து பம்பையும் அந்தச் சீலையும் பாருங்கள்.