காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு, எடிசன் தூண்டில் கண்காட்சி பற்றி

தம்பி,

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: ஊரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜனவரிக் கடைசியில் எடிசன் என்கிற ஊரில் நடக்கும் ஃப்ளை ஃபிஷிங் ஷோவுக்கு, அதாவது இறகால் செய்த பொய் ஈயை வைத்து மீன் பிடிப்பவர்களின் கண்காட்சிக்கு, அலுவலக நண்பர் ஒருவர் அழைக்கிறார். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கரையில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டதற்கு மேல் உங்களுக்கு அனுபவம் கிடையாது. அங்கே போனால் நாம் மட்டும் தனித்துத் தெரிவோமா, எவ்வளவு பணம் கரையும், வீட்டில் 'தண்டச் செலவு' என்கிறார்களே, என்ன சொல்வது?

போய் வாருங்கள். ஆனால் பர்ஸை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் வருடம் அங்கே வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. தொட்டுப் பார்க்கவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்தான் ஏராளம் இருக்கிறது.

இதைப் பென்னாகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். 18 வருடமாக நியூ ஜெர்சி. லீவு கிடைக்கிற டிசம்பரில் ஊர். நேற்று ஒகேனக்கல் போயிருந்தேன். பரிசல் துறைக்குப் பக்கத்தில் மீன் வறுத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், கெளுத்தியை மசாலாவில் புரட்டிக்கொண்டே, அமெரிக்காவில் மீன் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், பிடிப்பேன், பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன் என்றேன். அவர் கை அப்படியே நின்றது. "ஏன், அங்கே எண்ணெய் அவ்வளவு விலையா?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. உங்கள் மாமியார் கேட்கும்போது உங்களிடமும் இருக்காது.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கண்காட்சியில் பாதிக் கடைகள் உங்களை ஏமாற்ற முடியாது. நம் ஊர்த் தூண்டிலில் எடை ஈயக்குண்டில் இருக்கிறது. வீசினால் குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளின் மேல் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் நூலும். ஈயைப்போல, பூச்சியைப்போலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எடையே கிடையாது. அதனால் எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். லைன் என்று அவர்கள் சொல்வது நூல்கயிறு தடிமனில், வழவழப்பான பூச்சோடு இருக்கும். அதுதான் பறக்கிறது, 'ஈ' அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகிறது. எந்த எடை என்பதற்கு எண் வைத்திருக்கிறார்கள். 5-ஆம் எண் என்றால் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம். 8-ஆம் எண் என்றால் 13 கிராமுக்கு மேல். கோலும் அதே எண்ணில் இருக்க வேண்டும். உங்களுக்கு அங்குள்ள ட்ரவுட் மீன் ஓடைகளுக்கு 9 அடி நீளத்தில் 5-ஆம் எண் கோல் போதும்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வருடம் கண்காட்சிக்கு வெளியே ஒரு கடையில், பெயர் வேண்டாம், விற்பனையாளர் நயமாகப் பேசி 8-ஆம் எண் கடல் கோலை என் தலையில் கட்டினார். நானே புத்திசாலித்தனமாக, விலை குறைவென்று 5-ஆம் எண் லைனை வேறு இடத்தில் வாங்கினேன். ராரிட்டன் ஆற்றின் தெற்குக் கிளையில் நின்று நாள் முழுக்க வீசினேன். லைன் என் காலடியிலேயே கூடை முடைந்தது. அந்தக் கோல் இன்னும் கார் நிறுத்தும் அறையின் மூலையில் நிற்கிறது. ஒட்டடை அடிக்க உதவுகிறது.

கண்காட்சியில் நீங்கள் நேரே போக வேண்டிய இடம் தண்ணீர்த் தொட்டி. பெரிய கூடத்துக்குள் நீளமாக ஒரு தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். அங்கே கோலை வாங்கி வீசிப் பார்க்கலாம், வீசத் தெரிந்தவர்கள் வீசிக் காட்டுவதையும் பார்க்கலாம். நான் வீசியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல் வந்து, என் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றி, கோலின் அடிக்கட்டையை மணிக்கட்டோடு சேர்த்து உள்ளே செருகிப் பித்தானைத் திரும்பப் போட்டார். இனி மணிக்கட்டு மடங்காது. பின்னால் வீசு, நில், லைன் முழுக்க நீளட்டும், பிறகு முன்னால் தள்ளு என்றார். அந்த 'நில்' எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கள் தாத்தா வண்டிச் சாட்டையைச் சொடுக்கக் கற்றுக்கொடுத்தபோது சொன்னது அதுவேதான். சாட்டை பின்னால் போய் முடிவதற்குள் இழுத்தால் சத்தம் வராது, உன் காதுதான் அறுபடும் என்பார். அன்று மாலைக்குள் 40 அடி போட்டேன்.

அடுத்தது, 'ஈ' கட்டுகிறவர்களின் மேசைகள். வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சிறிய பிடிக்கருவியில் முள்ளைப் பிடித்து வைத்து, நூல் சுற்றி, இறகு சுற்றி, மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு பூச்சியைச் செய்துவிடுவார்கள். எதிரே நின்று கேள்வி கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷம். அங்கே விற்கும் பொருளில் பாதி நமக்குப் பழக்கப்பட்டது. சேவல் கழுத்துத் தோலை இறகோடு உலர்த்தி, அட்டையில் ஒட்டி, நல்லது என்றால் நூறு டாலர் வரைக்கும் சொல்வார்கள். இந்த இறகுக்காகவே கொலராடோவில் சேவல் வளர்க்கும் பண்ணை இருக்கிறது. 2011-இல் அமெரிக்கப் பெண்களுக்குத் தலைமுடியில் இறகு கோத்துக்கொள்ளும் மோகம் வந்தபோது, இறகு கிடைக்காமல் மீன்பிடிக்காரர்கள் அல்லாடினார்கள். மயிலிறகும் இருக்கும். நம் ஊரில் அதன் தண்டைத் தக்கையாகக் கட்டுவோம். அவர்கள் அதன் பச்சை இழைகளை முள்ளில் சுற்றுகிறார்கள்.

ஒரு மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கழுத்து இருந்தது. சாம்பல் நிறம்; ஒவ்வொரு இறகின் நுனியிலும் மெழுகு சொட்டி உறைந்தது போல வெளிர் மஞ்சள் புள்ளி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, நம் காட்டுக்கோழி. ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையில் விடியற்காலையில் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடுமே, அதேதான். இந்தியத் தீபகற்பத்தை விட்டால் அதற்கு வேறு இடம் கிடையாது. விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் சால்மன் மீனுக்குக் கட்டிய 'ஈ'க்களில் கண் வைப்பதற்கு இந்த இறகைத்தான் தேடினார்கள். இப்போது விற்பது பண்ணையில் வளர்த்த பறவை என்று அந்த மனிதர் அவசரமாகச் சொன்னார். நான் முறைத்த விதம் அப்படி. எந்த ஊர் என்று கேட்டார். அது ஓடுகிற காட்டுக்குப் பக்கத்து ஊர் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் பேசினோம். 'ஈ' கட்டுவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அந்தச் சேவல் எப்படிக் கூவும் என்று கேட்டார், கூவிக் காட்டினேன்.

தனித்துத் தெரிவோமா என்றீர்களே, தெரிவோம். பெரும்பாலும் நரைத்த வெள்ளைக்காரர்கள். எடிசனின் ஓக் ட்ரீ சாலையில் சனிக்கிழமை தோசைக்கு வரிசையில் நிற்கும் நம் ஆட்களில் ஒருவரையும் நான் அந்தக் கூடத்தில் பார்த்ததில்லை. இத்தனைக்கும் ஒரே ஊர். ஆனால் அது வேலைக்கான நேர்காணல் இல்லை. எந்த ஆற்றில் பிடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், துண்டுக் காகிதத்தின் பின்புறம் வழி வரைந்து கொடுத்துவிடுவார்கள். அலுவலகத்தில் ஐந்து வருடம் 'வார இறுதி எப்படிப் போயிற்று' என்பதைத் தாண்டாதவர்களுக்கு நடுவில் இருந்துவிட்டு அங்கே போனால் வித்தியாசம் தெரியும்.

புதுச் சாமான்கள் பற்றி: நீளமான மெல்லிய கோல்கள், 10, 11 அடியில், ஐரோப்பிய முறை என்று காட்டுவார்கள். தக்கை கிடையாது, டங்ஸ்டன் மணி கோத்த 'ஈ'யை அடியோட்டத்தில் இறக்கி, நரம்பை விறைப்பாகப் பிடித்து, கையிலேயே கடியை உணர்வது. டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம், சட்டென்று இறங்கும். விற்றவர் புது முறை என்றார். மூங்கில் குச்சியோடு மதகடியில் நின்ற எந்தப் பையனும் இதைச் செய்திருக்கிறான். ஆனாலும் வேலை செய்கிறது. இரண்டாவது வருடம் நானும் வாங்கினேன். மூங்கில் என்றதும் இன்னொன்று: ஆறு முக்கோணப் பட்டைகளை ஒட்டிச் செய்த மூங்கில் கோல்களும் அங்கே வரும், விலை கேட்காதீர்கள். 1880-இல் தாமஸ் எடிசன் பல்பு இழைக்கு மூங்கிலைக் கருக்கிப் பார்த்த மென்லோ பார்க்கும் கண்காட்சி நடக்கும் ஊரில்தான் இருக்கிறது.

முதல் வருடக் கண்காட்சியில் நான் வாங்கியது ஒரே ஒரு பொருள்: 2 மில்லிமீட்டர் வளையங்கள், ஒரு பொட்டலம், சில டாலர். லைனுக்கும் 'ஈ'க்கும் நடுவில் மெல்லிய நரம்பு கட்டுவார்கள்; அதன் நுனியை முடிச்சுப் போட்டுப் போட்டு வெட்டினால் மேல் நரம்பு குட்டையாகிக்கொண்டே போகும். நடுவில் இந்த வளையத்தைக் கட்டிவிட்டால் மேலே உள்ளது அப்படியே இருக்கும். கடுகை விடக் கொஞ்சம் பெரிது. விழுந்தால் தேட வேண்டாம்.

லைசென்ஸ் மறக்காதீர்கள். நியூ ஜெர்சியில் 16 வயது முதல் 69 வரை கட்டாயம்; ட்ரவுட் பிடிக்கத் தனி முத்திரையும் வேண்டும். எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும், ஆகவே வருடத் தொடக்கத்தில் வாங்குவது லாபம். ஆறு மாதம் அங்கே வசித்திருந்தால் உள்ளூர்க் கட்டணம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பொறுங்கள். அதற்குப் பிறகு கோல், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொகுப்பு ஒன்று 200 டாலர் அளவில் வாங்கினால் பல வருடம் வரும். வீட்டில் அந்தத் தொகையை மட்டும் சொல்லுங்கள்.

ஊருக்கு வரும்போது அம்மா மயிலிறகு கட்டி வைத்திருந்தால் பெட்டியில் வைக்காதீர்கள். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதி தடை, அங்கே சுங்கத்திலும் சிக்கலாம். நான் இறகை ஆசையோடு பார்ப்பதை நிறுத்தவில்லை. இன்று காலை வீட்டுச் சேவலைப் பிடித்துக் கழுத்து மயிரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "மிளகு அரைக்கட்டுமா?" என்று குரல் கொடுத்தார்.

ஜனவரி முதல் வாரம் திரும்புகிறேன். கண்காட்சியில் வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும், அன்று வாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். பித்தான் உள்ள முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.