தோழியின் ஓவியத்தை விற்றுக் கொடுத்தால் எவ்வளவு கமிஷன் வாங்கலாம்?

கேள்வி: என் தோழி அருமையாக வரைவாள். ஆனால் விலை சொல்லவே கூச்சப்படுவாள். எனக்கு நாலு பேரைத் தெரியும் என்பதால் அலைபேசியில் படம் காட்டியே அவளுடைய இரண்டு ஓவியங்களை விற்றுவிட்டேன். அவள் கேட்ட தொகையை அவளிடம் கொடுத்துவிட்டு, மேலே கிடைத்ததை நான் வைத்துக்கொண்டேன். இதையே தொழிலாகச் செய்ய ஆசை. இப்படி மேலே வைத்து விற்பது தப்பா? எத்தனை சதவீதம் நியாயம்? பெரிய பார்ட்டி கைவசம் இருப்பதாகச் சொல்லி ஒரு தரகர் எல்லாப் படங்களின் விவரமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகத் தொழிலாகச் செய்யலாம். நல்ல தரகர் கிடைக்காததால் வீட்டுச் சுவரோடு சாய்த்து வைத்தே கிடக்கும் படங்கள் ஏராளம். ஆனால் மேலே வைத்து விற்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

படம் உங்கள் தோழியுடையது. அவருக்காக நீங்கள் விற்கிறீர்கள். அதனால் வாங்குபவர் கொடுக்கும் முழுப் பணமும் அவருடையது. அதில் அவர் தெரிந்தே ஒப்புக்கொண்ட பங்கு மட்டும்தான் உங்களுடையது. ஒருவருக்காக வேலை செய்துகொண்டே அவருக்குத் தெரியாமல் எடுத்த லாபத்தை, அவர் பின்னால் திருப்பிக் கேட்கலாம் என்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டம். 'அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டேனே' என்ற பதில் அங்கே எடுபடாது.

சட்டத்தை விடுங்கள், தொழிலைப் பாருங்கள். தோழி 100 கேட்ட படத்தை நீங்கள் 180-க்கு விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தன் படம் 180 போகும் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த மாதம் நேரில் வந்து கேட்பவருக்கு அதே அளவுப் படத்தை 100-க்கே கொடுப்பார். இரண்டு பேரும் ஒருநாள் பேசிக்கொள்வார்கள். ஓவியம் வாங்குகிற வட்டம் சின்னது. 180 கொடுத்தவர் ஏமாந்துபோனதாக நினைப்பார், இனி உங்களிடம் வாங்கமாட்டார். தோழியின் படத்துக்கும் சந்தையில் ஒரு நிலையான விலை உருவாகாமலே போய்விடும்.

இதே தகராறு உலகின் விலையுயர்ந்த ஓவியங்களிலும் வந்திருக்கிறது. லியொனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வதோர் முந்தி' ஓவியத்தை சுவிட்சர்லாந்துக்காரரான ஈவ் பூவியே 2013-ல் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, ரஷ்யச் செல்வந்தர் திமித்ரி ரிபோலோவ்லேவுக்கு 12.75 கோடி டாலருக்குக் கொடுத்தார். தனக்காக 2 சதவீதக் கமிஷனுக்கு வேலை செய்த தரகர் என்றுதான் பூவியேயை நினைத்தேன் என்றார் செல்வந்தர். நான் தரகரே அல்ல, சொந்தமாக வாங்கி விற்கும் வியாபாரி என்றார் பூவியே. பல நாடுகளில் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2023 இறுதியில்தான் இருவரும் சமரசத்துக்கு வந்தார்கள். பூவியே குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் தரகரா வியாபாரியா என்பதை முதல் நாளே இரண்டு வரியில் தெளிவாக எழுதியிருந்தால் இத்தனை வருடம் அலைந்திருக்க வேண்டாம்.

மேலே கிடைப்பதெல்லாம் உங்களுக்கே சேரும் ஒரு நிலையும் உண்டு. அது நீங்கள் சொந்தப் பணம் போட்டு வாங்கி விற்பது. இதைத்தான் பலரும் வசதிக்கு வளைக்கிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஆள் கிடைத்தபிறகு, அவர் பணம் கையில் வந்தபிறகு, 'நான் உன்னிடம் வாங்கியதாக வைத்துக்கொள்' என்று ஓவியரிடம் சொல்வது வாங்கியது ஆகாது. ஆள் கிடைப்பதற்கு முன்பே முழுத் தொகையும் ஓவியர் கைக்குப் போயிருக்க வேண்டும். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். படம் விற்காமல் போனால் நஷ்டம் உங்களுடையது, திருப்பிக் கொடுக்க முடியாது. நீங்கள் லாபத்துக்கு விற்கப்போகிறீர்கள் என்பதும் ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் எத்தனை மடங்கு வைத்தும் விற்கலாம். ஒன்று குறைந்தாலும் உங்களைத் தரகராகவே கருதிக்கொள்ளுங்கள். ஒருவருடைய சில படங்களுக்குத் தரகராகவும் வேறு சிலவற்றுக்கு வியாபாரியாகவும் இருப்பது குழப்பத்தில்தான் முடியும், ஆரம்பத்தில் வேண்டாம்.

சதவீதம் என்று கேட்டால், கேலரிகள் பாதி வரை எடுப்பது சகஜம். இடம், விளக்கு, விளம்பரம், ஆள் சம்பளம் என்று அவர்களுக்குச் செலவு உண்டு. அலைபேசியும் அறிமுகமும் மட்டுமே முதலீடாக உள்ள உங்களுக்கு 10 முதல் 20 வரை நியாயம் என்பேன். ஃபிரேம், போக்குவரத்துச் செலவைக் கழித்தபிறகு கணக்கிடுவதா, மொத்தத்திலா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இப்போது அந்த 'பெரிய பார்ட்டி' தரகர். விவரம் எதுவும் கொடுக்காதீர்கள். இப்படிப் பேசுபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நேரடியாக ஒரு பார்ட்டியையும் தெரியாது. அவர் இன்னொருவரிடம் அனுப்புவார், அவர் மற்றொருவரிடம். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். கடைசியில் உண்மையாகவே வாங்கக்கூடிய ஒருவரிடம் ஒரே படம் மூன்று பேர் மூலமாக மூன்று விலையில் போய்ச் சேரும். அதைப் பார்த்ததுமே அவர் ஒதுங்கிவிடுவார். எங்கும் விலைபோகாமல் சுற்றி வருகிற படம் என்ற பெயர் வந்துவிட்டால், பிறகு நீங்கள் நேரில் போனாலும் தொடமாட்டார். வாங்குபவர் உங்களுக்கு நேரடிப் பழக்கமா, அவரை ஒரு வரி எழுதித்தரச் சொல்ல முடியுமா என்று தரகரைக் கேளுங்கள். மழுப்பினால் அதோடு விடுங்கள்.

படத்தை 'காட்டிவிட்டுத் தருகிறேன்' என்றாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். நியூயார்க்கில் பேர்பெற்ற கேலரி நடத்திய லாரன்ஸ் சாலண்டர், விற்றுத்தரச் சொல்லி ஒப்படைத்த படங்களின் பணத்தை உரியவர்களுக்குத் தராமல் மோசடி செய்ததாக 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கண்காட்சியில் வைக்க முன்பணம் கேட்பவர்களையும் தவிருங்கள். படம் விற்றால் சம்பாதிப்பவர்தான் தரகர். விலையைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்பி, 'மீதியைப் பார்சல் கம்பெனிக்குக் கட்டிவிடுங்கள்' என்பவர் சுத்தமான மோசடிக்காரர். நீங்கள் கட்டியபிறகு அந்தச் செக் திரும்பி வரும்.

வரைந்தவருக்கே விற்ற விலையும் சொல்வதில்லை, வாங்கியவர் பெயரும் சொல்வதில்லை, பணமும் மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் வரும். இதையெல்லாம் 'இந்தத் துறை வழக்கம்' என்கிறார்கள். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உழைத்தவருக்குக் கணக்குக் காட்டாத வழக்கத்தை யார் காப்பாற்ற வேண்டும்?

தோழியோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தெந்தப் படம், அளவு, ஓவியர் ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்ச விலை, உங்கள் சதவீதம், பணம் வந்து எத்தனை நாளில் அவரிடம் சேரும், வழியில் படம் சேதமானால் யார் பொறுப்பு. வாங்குபவரின் பணம் நேராகத் தோழியின் கணக்குக்கே போவது உத்தமம். படத்தை வாங்கியவருக்கு அதைப் பிரிண்ட் போட்டு விற்கும் உரிமை கிடையாது, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது என்பதையும் ரசீதில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே விற்ற இரண்டு படங்களின் உண்மையான விலையை அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லி, அவர் பங்கைக் கொடுத்துவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கியவர் வாயால் அவருக்குத் தெரிய வந்தால் தோழமையும் போகும், தொழிலும் போகும்.

உங்கள் பாதுகாப்புக்கும் ஒரு வரி வேண்டும். நீங்கள் அறிமுகப்படுத்திய ஒருவர் ஓராண்டுக்குள் தோழியிடம் நேரடியாக வாங்கினாலும் உங்கள் கமிஷன் உண்டு என்று சேருங்கள். யாரை, எந்தத் தேதியில் அறிமுகப்படுத்தினீர்கள் என்று அன்றைக்கே தோழிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.