முழங்கை வலிக்கு ஊசியா, லேசரா?

அண்ணா, பாலக்கோடு மண்டியில் தக்காளி கிரேட் தூக்கித் தூக்கி வலது முழங்கையின் வெளிப்பக்கம் இரண்டு மாதமாக வலி, டாக்டர் ஸ்டீராய்டு ஊசி என்கிறார், தருமபுரியில் பிசியோதெரபிஸ்ட் லேசர் சிகிச்சை என்கிறார், எதற்குப் போவது என்று கேட்டிருந்தீர்கள். சர்க்கரை இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அதைப் பேசிவிடலாம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எனக்கும் இதே வலிதான், காவேரிப்பட்டணத்தில் மாங்காய் பறிக்கும் தொரட்டியால் வந்தது. ஊசி போட்டேன். நான்காம் நாள் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடிந்தது. குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி தோப்புக்குப் போனேன். மூன்றே மாதத்தில் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பியது. இந்த இடத்து வலிக்கு ஊசி முதல் சில வாரம் நன்றாகக் கேட்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாதவர்களே தேவலை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அடிக்கடி போட்டால் தசைநார் பலவீனமாகும்.

பிசியோ சொல்லும் குறைந்த சக்தி லேசர் என்பது வலிக்கும் இடத்தில் ஒளி பாய்ச்சுவது. சுடாது, குத்தாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு சில நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஆனால் பல தடவை போக வேண்டும், பலனும் ஆளுக்கு ஆள் மாறும். அதை மட்டும் நம்பி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

என் கையைத் தேற்றியது பயிற்சிதான். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மெதுவாக இறக்குங்கள். அப்புறம் மண்டி வேலையில் கிரேட்டை உடம்போடு அணைத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி தூக்குங்கள். விரல் மரத்துப்போனாலோ பிடி நழுவினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள்.