பின்வரிசைக் கண்ணுக்கும் பந்து தெரிய வேண்டும்

2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி மைதானம் பற்றியவைதான். கட்டட வேலைத்தலங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நின்றவன் நான். சனி ஞாயிறுகளில் உதைபந்தாட்ட மத்தியஸ்தராக விசிலும் ஊதியவன். அதனால் இந்த முறை முழுவதும் மைதானக் கேள்விகளுக்கே.

அண்ணை, மண்டைதீவில் 40,000 பேர் இருந்து பார்க்கலாமாம். ஒரு நவீன அரங்கு நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?
– வாசகர், நல்லூர்

கூரையை விடுங்கள், தம்பி. கடைசி வரிசையில் ஏறி இருந்து பாருங்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா ஒரு பெரிய போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கண்டதெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகும் ஒரு கறுப்புக் குடையும்தான். சனம் கத்தினால் விக்கெற் விழுந்துவிட்டது என்று தெரியும். யாருடைய விக்கெற் என்பதை அப்பா குனிந்து சொல்ல வேண்டும். அந்தக் குடை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் பார்வைக் கோடு முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு மேலாகப் போகிறது என்பதை அளப்பார்கள். அதை ‘சி’ பெறுமானம் என்பார்கள். 120 மில்லிமீற்றர் கிடைத்தால் மிக நல்லது, 90 என்றாலும் நல்லது. 60 க்குக் கீழே போகக்கூடாது, அதாவது மூன்று விரற்கடை. எல்லாப் படியையும் ஒரே உயரத்தில் கட்டிக்கொண்டு போனால் பின்னுக்குப் போகப் போக இந்த இடைவெளி சுருங்கும். அதனால்தான் நல்ல அரங்கில் மேற்படிகள் கீழ்ப்படிகளை விட உயரமாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வளைந்த கோடு தெரியும். நூல் பிடித்து நேராகக் கட்டிப் பழகிய மேசனுக்கு இது பிழையாகத்தான் படும், எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அளவில்லாமல் செங்குத்தாக்கவும் முடியாது. பிரித்தானிய மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி 34 பாகையோடு நிறுத்தச் சொல்கிறது.

இன்னொன்று. உதைபந்தாட்டத் திடலைச் சுற்றி எட்டுத் தட ஓடுபாதை போட்டால், ஒரு தடம் 1.22 மீற்றர் என்ற கணக்கில் பார்வையாளர் குறைந்தது பத்து மீற்றர் பின்னுக்குப் போய்விடுவார். கோல் பக்கத்தில் தூரம் அதிலும் கூட. எல்லா விளையாட்டுக்கும் ஒரே மைதானம் என்பது எங்கள் பணத்துக்குச் சரிதான். அப்படியென்றால் படிக்கட்டை அதற்கேற்ப உயர்த்தியே ஆகவேண்டும்.

எங்கள் ஊர் மைதானத்தில் கார்த்திகை மழை பெய்தால் ஒரு கிழமைக்கு விளையாட முடியாது. ரிவியில் மழை விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே விளையாடுகிறார்களே, எப்படி?
– உதைபந்தாட்ட வீரர், பாசையூர்

அங்கே புல்லுக்குக் கீழே இருப்பது வெறும் மண் இல்லை, தம்பி. ஓரடி ஆழத்துக்கு மணல் கலந்த படை, அதற்குக் கீழே சல்லி, அதற்கும் கீழே துளையிட்ட குழாய்கள். நடுவில் ஒரு பெரிய குழாய், இரண்டு பக்கமும் சரிவாகச் சின்னக் குழாய்கள். பாரை மீனின் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே அமைப்பு. பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் 2017 இல் இன்னும் ஒரு படி மேலே போய், கீழிருந்து காற்றால் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் இயந்திரமே பூட்டினார்கள். துடுப்பாட்டத்தில் நடுப் பிச் மட்டும் களிமண். அதற்கு வடிகால் உதவாது, மூடித்தான் ஆகவேண்டும். கொழும்பு பிரேமதாச மைதானத்தில் மழை வந்தால் பணியாளர் ஓடிவந்து முழுத் திடலையுமே படங்கால் மூடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் மைதானத்துக்கு வருவோம். ஒரு அலவாங்கு எடுத்துக்கொண்டு போய் கோல் வாய்க்கு முன்னால் ஓரடிக்கு ஓரடி குழி வெட்டுங்கள். வேலியோரம் இன்னொன்று. இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, வற்றியதும் மறுபடி நிரப்பி மணிக்கூட்டைப் பாருங்கள். நான் ஒருமுறை இப்படிச் செய்தேன். வேலியோரக் குழியில் நான் தேத்தண்ணீர் குடித்து முடிக்க முன்னம் தண்ணீர் போய்விட்டது. கோல் வாயில் பின்னேரம் வரைக்கும் கலங்கி நின்றது. மேல் நான்கு அங்குல மண் வருடக்கணக்காகக் கால்பட்டுக் கல்லாகியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கொத்தி மணல் கலந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் வெட்டும்போதே குழியில் தண்ணீர் ஊறினால் கதை வேறு. கடலோரம் என்றபடியால் உங்களுக்கு அப்படியும் இருக்கலாம். அப்போது திடலை உயர்த்துவதைத் தவிர வழியில்லை. மண்டைதீவிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். கூடவே புல்லுக்கு நன்னீர் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் உவராகிவிடும். கூரையில் விழும் மாரி மழையைத் தொட்டியில் பிடிக்க வரைபடத்திலேயே இடம் வைக்கவேண்டும். 2022 இல் கட்டாரில் போட்ட பஸ்பலம் புல் உப்பைத் தாங்கும், அதையும் பார்க்கலாம்.

துடுப்பாட்டப் பிச்சை ஏன் வடக்குத் தெற்காகவே போடுகிறார்கள்?
– மாணவன், காரைநகர்

பின்னேரச் சூரியன் துடுப்பாட்டக்காரரின் கண்ணுக்குள் நேரே அடிக்கக்கூடாது என்பதற்காக. உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளருக்கும் அதே காரணம்தான்.

மகள் வலைப்பந்தாட்டம் விளையாடுகிறாள். போகிற இடமெல்லாம் உடுப்பு மாற்ற இடமில்லை. அவளின் அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். மகளின் ஆட்டத்தை அவர் இன்னும் ஒரு நாளும் பார்த்ததில்லை.
– ஒரு தாய், சாவகச்சேரி

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

யுத்தம் எத்தனை பேரின் காலைக் கொண்டுபோனது என்று எங்களுக்குத் தெரியும். மற்ற எந்த ஊரை விடவும் எங்கள் மைதானங்களில்தான் சாய்தளம் சரியாக இருந்திருக்கவேண்டும். ஒருமுறை ஓர் அரங்கில் சாய்தளத்தை நானே நாடா பிடித்து அளந்தேன். மூன்றடி உயரத்துக்குப் பதினைந்தடி நீளம்! ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அப்படியென்றால் முப்பத்தாறு அடி, நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம். நான் அளந்துகொண்டிருந்தபோதே இரண்டு பெடியள் ஒருவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. முன்வரிசை எழும்பி நின்றாலும் அவருக்குத் திடல் தெரியும் உயரத்தில் அந்த மேடை இருக்கவேண்டும். பக்கத்தில் உங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு உள்ளே பூட்டக்கூடிய உடைமாற்றும் அறை, தண்ணீர் வரும் மலசலகூடம், பெண் மத்தியஸ்தருக்குத் தனி அறை எல்லாம் வேண்டும். பெண்கள் பகுதிக்கு மலசலகூடம் கூடுதலாகவே போடவேண்டும், அவர்களுக்கு நேரம் அதிகம் எடுக்கும். மின்னொளிக் கோபுரத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இதெல்லாம் சில்லறை. அடுத்த போட்டி எங்கே என்று எழுதுங்கள். நான் முதல் நாளே போய் வழி பார்த்துச் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பினால்?
– வாசகர், குருநகர்

என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. அதே பிரித்தானிய வழிகாட்டியின்படி, சமதரையில் ஒரு மீற்றர் அகல வாசலால் ஒரு நிமிடத்தில் 82 பேர் வெளியேறலாம், படிக்கட்டு என்றால் 66 பேர். எல்லாரும் எட்டு நிமிடத்துக்குள் இருக்கைப் பகுதியை விட்டுப் போய்விட வேண்டும். எட்டு நிமிடத்தில் மீற்றருக்கு 656 பேர். 40,000 பேருக்கு 61 மீற்றர் வாசல் தேவை, கிட்டத்தட்டப் பத்தடிப் படலை இருபது. இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் 1989 இல் கம்பி வேலிக்குள் நெரிபட்டு 97 பேர் போனார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர். அங்கே ஆட்டம்கூட நடக்கவில்லை, வெற்றிக் கொண்டாட்டம்.

சரி, மண்டைதீவில் அந்த இருபது படலையாலும் வெளியே வந்த சனம் எங்கே போகும்? மண்டைதீவுச் சந்திக்கு. அங்கிருந்து பண்ணை வீதி, இரண்டு பக்கமும் கடல். வாகனங்களைத் தீவுக்குள் விடாமல் யாழ்ப்பாணக் கரையிலேயே நிறுத்தி, ரிக்கெற்றோடு பஸ் விடலாம். நடப்பவர்களுக்கு வீதியோரம் தனிப் பாதை வேண்டும். அம்புலன்சுக்கு யாரும் கால் வைக்காத ஒரு தடம் வேண்டும். வீதியின் வரைபடத்தையும் அரங்கின் வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்து வைத்து வரையச் சொல்லி உங்கள் பிரதேச சபைக்கு இந்தக் கிழமையே ஒரு கடிதம் போடுங்கள். நானும் போட்டிருக்கிறேன்.